பென்ஸ் எடுக்கலாம், இந்தப் பென்ஸ் வேண்டாம்

கேள்வி: ஒட்டுசுட்டானில் உரமும் விதைநெல்லும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். வயது 36. நான் சேர்த்ததும் கனடாவில் இருக்கும் அண்ணன் தந்ததுமாக 80 இலட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. அப்பாவை மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவருக்கு இடுப்பில் நாரி நோவு. வானில் போய்வந்தால் இரண்டு நாள் எழும்பமாட்டார். கொழும்பில் ஒருவர் 2004ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் ஈ 200 கொம்ப்ரஸர் ஒன்றை 74 இலட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். படத்தில் உள்ளே புதுக் கார் மாதிரி இருக்கிறது. மனைவி பழைய டொயோட்டா பிரிமியோ ஒன்று போதும் என்கிறா. அப்பாவிடம் முன்பு ஒஸ்ரின் ஏ 40 கார் இருந்தது. 2009இல் அதையும் விட்டுவிட்டுத்தான் வந்தோம். அவரை ஒரு நல்ல காரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் இரண்டு இலட்சம் முற்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா ஐயா?
- வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, ஞாயிறுக்கு முன் முடிவு வேண்டும் என்பதால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த முற்பணத்தைக் கட்ட வேண்டாம். பென்ஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2004ஆம் ஆண்டு ஈ 200ஐ, கையில் இருக்கும் 80இல் 74ஐக் கொடுத்து, ஒட்டுசுட்டானில் வைத்து ஓடுவதற்காக வாங்க வேண்டாம் என்கிறேன். காரணங்களை விபரமாகச் சொல்கிறேன். நாளைக்கு வேறு பென்ஸ் பார்க்கப் போனாலும் இவை உங்களுக்கு உதவும்.

உங்கள் ஆசையைப் பற்றி ஒரு வார்த்தை. வன்னியில் ஒருவர் நல்ல கார் வாங்க நினைத்தால் 'எடுப்பு' என்று பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள். புதுக்குடியிருப்பிலும் முள்ளிவாய்க்காலிலும் எரிந்தும் துருப்பிடித்தும் குவிந்து கிடந்த வாகனங்களைக் கண்ட எவரும் அப்படிப் பேசமாட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் உழைத்துச் சேர்த்தது. அப்பாவை நல்ல காரில் ஏற்ற நினைப்பதில் எந்தப் பிழையும் இல்லை. அந்தக் கார் அவரை வழியில் விட்டுவிடக்கூடாது, அவ்வளவுதான் என் கவலை.

முதலில் விலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த கார்களே கை மாறி மாறி விற்கப்பட்டன. அதனால் ஜப்பான் கார்களின் விலை ஆகாயத்துக்குப் போனது. ஐரோப்பியக் கார்களும் ஏறின, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. சிறிய ஜப்பான் காரின் விலைக்கு இருபது வயதுப் பென்ஸ் கிடைப்பது அதனால்தான். பெரிய காராச்சே, இந்த விலைக்கா என்று மனம் துள்ளும். விற்பவர் ஏன் இறங்கி வருகிறார் என்று யோசியுங்கள். காரின் விலை இருபது வருடத்தில் இறங்கிவிட்டது, அதன் சாமான்களின் விலை இறங்கவில்லை. பென்ஸின் ஹெட்லைற் இன்றைக்கும் பென்ஸ் ஹெட்லைற்றின் விலைதான். மாங்குளம் - முல்லைத்தீவு வீதியில் இரவில் மாடுகள் எப்படிப் படுத்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மாட்டோடு முட்டினால் பிரிமியோவுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய லைற் ஒன்றைத் தேடிப் பிடித்து அடுத்த பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். பென்ஸுக்கு அப்படி இலகுவில் கிடைக்காது.

இனி அந்தக் காருக்கு வருவோம். உங்களுக்குக் காட்டியிருப்பது டபிள்யூ 211 என்று மெக்கானிக்குகள் சொல்லும் வகை. 2002இலிருந்து 2009 வரை வந்தது. ஓட்டத்தில் குறை சொல்ல முடியாத கார். ஏ9 வீதியில் அப்பா நித்திரை கொண்டே யாழ்ப்பாணம் போய்விடுவார். ஆனால் 2006 நடுப்பகுதி வரை வந்தவற்றில் எஸ்.பி.சி. என்ற மின்சார பிறேக் இருக்கிறது. சாதாரணக் காரில் பெடலை மிதித்தால் அந்த அழுத்தமே ஒயில் வழியாகச் சில்லுக்குப் போகும். இதில் உங்கள் கால் கொம்பியூட்டருக்குச் செய்தி மட்டுமே அனுப்புகிறது. சில்லைப் பிடிப்பது ஒரு மின்சாரப் பம்ப். எத்தனை தடவை பிறேக் பிடிக்கப்பட்டது என்று அந்தப் பம்பே எண்ணி வைத்துக்கொள்ளும். குறித்த எண்ணிக்கை வந்ததும் டாஷ்போர்டில் சிவப்பு எழுத்தில் கராஜுக்குக் கொண்டு போ என்று எச்சரிக்கும். பம்ப் கைவிட்டால் முன் இரண்டு சில்லு மட்டும் பிடிக்கும், பெடலைப் பலமாக, நீண்ட தூரம் உள்ளே போகும்வரை மிதிக்க வேண்டியிருக்கும். கொடிகாமச் சந்தியில் முன்னே போகும் பஸ் திடீரென்று நின்றால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இந்தப் பிறேக்குக்காகக் கொம்பனியே 2004இல் உலகம் முழுவதும் இலட்சக்கணக்கான கார்களைத் திருப்பி அழைத்தது. 2006இல் காரின் முகப்பை மாற்றி விட்டபோது இந்த முறையையே கைவிட்டுவிட்டது.

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, இதை எங்கள் பக்க மெக்கானிக் பிள்ளைகள் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சில்லைக் கழற்றி பிறேக் பாட் மாற்றுவது எந்தக் கராஜிலும் தினமும் நடக்கும் வேலை. எஸ்.பி.சி. காரில், காரின் கொம்பியூட்டரோடு பேசும் ஸ்கானரைப் போட்டு அந்தப் பம்பை முதலில் நிறுத்திவிட்டுத்தான் பாட்டில் கை வைக்கலாம். நிறுத்தாமல் வேலை செய்துகொண்டிருக்கும்போது யாராவது கதவைத் திறந்தாலோ ரிமோட்டை அமத்தினாலோ பிறேக் தானாக உயிர் பெற்று இறுக்கும். விரல் உள்ளே இருந்தால் போய்விடும். உங்கள் ஊரில் இந்தக் காரைக் கொடுக்க நினைக்கும் கராஜில் அந்த ஸ்கானர் இருக்கிறதா, அதைச் செய்யத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பாட் மாற்றக்கூட நீங்கள் கொழும்புக்குப் போக வேண்டியிருக்கும். 300 கிலோமீற்றருக்கு மேல்.

அடுத்தது என்ஜின். அதன் பெயர் எம் 271, 1796 சி.சி. நல்ல இழுவை. ஆனால் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்க உள்ளே ஓடும் டைமிங் செயின் மெல்லியது. ஒயிலை நேரத்துக்கு மாற்றாதவர்களின் கையில் அது நீண்டுவிடும், செயின் ஏறும் பற்சக்கரங்களும் தேய்ந்துவிடும். கடைசியில் செயின் பல்லுத் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் முட்டி என்ஜினே போய்விடும். இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை. இரவு முழுக்க நின்ற காரை விடிய முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது பக்கத்தில் நில்லுங்கள். முதல் இரண்டு மூன்று நொடிக்குள் தகரப் பெட்டிக்குள் சங்கிலி ஆட்டுவது போன்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சூடான என்ஜினில் அந்தச் சத்தம் வராது. அதனால்தான் பார்க்கப் போகும் ஆளுக்கு முன்பே சிலர் காரை ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார்கள். போனவுடன் பொனட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், 'நான் நாளைக்குக் காலையில் வருகிறேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்' என்று சொல்லிவிட்டு லொட்ஜில் தங்குங்கள்.

அதே என்ஜினின் முன் பக்கம், செயின் மூடியில் இரண்டு சிறிய மக்னெற்றுகள் இருக்கும். அவற்றில் செருகியிருக்கும் வயர் சொக்கெற்றைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஒயில் ஈரம் இருந்தால் அந்தக் காரை விட்டுவிடலாம். திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்த ஒயில் வயருக்கு உள்ளாலேயே ஊர்ந்து ஊர்ந்து கடைசியில் என்ஜின் கொம்பியூட்டர் வரை போகும். அப்படிப் போனால் வயரிங் கட்டு முழுவதையும் மாற்ற வேண்டும். மெக்கானிக்குக்கு ஐந்து நிமிட வேலை இது. விற்பவர் விட மறுத்தால், ஏன் மறுக்கிறார் என்று உங்களுக்கே விளங்கும்.

வயர் என்றதும் உங்கள் கடை நினைவுக்கு வருகிறது. விதைநெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் கார் நிற்கும். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். இரவில் என்ஜினின் சூட்டுக்குள் போய்ப் படுக்கும், அப்புறம் வயரைக் கடிக்கும். டிறக்டரில் கடித்தால் இரண்டு வயரை முறுக்கி ஒட்டிவிடலாம். இந்த மாதிரிக் காரில் ஒரு வயர் அறுந்தால் கியர், பிறேக், என்ஜின் மூன்றும் ஒன்றுக்கொன்று முறைப்பாடு சொல்லத் தொடங்கும். எந்த வயர் என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போகும். என்ன கார் வாங்கினாலும் கடைக் கொட்டிலில் விடாதீர்கள். தள்ளி, வெளிச்சமான இடத்தில் விடுங்கள்.

பெற்றோல் விடயம் சின்னது, ஆனாலும் கேட்டு வைக்க வேண்டும். இந்த என்ஜின் 95 ஒக்டேன் பெற்றோலுக்கென்று செய்யப்பட்டது. 92 எங்கும் கிடைக்கும், 95 எங்கள் பக்கத்து ஷெட் எல்லாவற்றிலும் இருக்காது. நீங்கள் வழக்கமாக அடிக்கும் ஷெட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள். டீசல் சொகுசுக் கார் என்று யாராவது பி.எம்.டபிள்யூ 520டி காட்டினால் இன்னும் கவனம். 2007க்குப் பின் வந்த அந்த என்ஜின்களின் டைமிங் செயின், என்ஜினின் பின்பக்கம் கியர் பொக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் மாற்ற என்ஜினையோ கியர் பொக்ஸையோ இறக்க வேண்டும். பி.எம்.டபிள்யூக்கள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடும் ரயர் என்று சொல்வார்கள். அந்த ரயரின் பக்கம் கல்லுப்போலத் தடித்திருக்கும். ஏ9இல் பரவாயில்லை. நெடுங்கேணிப் பக்கத்துக் கிரவல் வீதியில் ஒவ்வொரு பள்ளமும் அப்பாவின் நாரியில் நேராக விழும். ஒட்டுக் கடையில் ஒட்டுவதும் கஷ்டம்.

அப்பா ஏ 40 ஓடினவர் என்று எழுதியிருக்கிறீர்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் அந்தக் கார்கள் எப்படி ஓடின என்று அவரிடமே கேளுங்கள். சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். பிரசவத்துக்கும் அதிலேதான் போனார்கள், கலியாணத்துக்கும் அதிலேதான் போனார்கள். ஊர் மெக்கானிக் கையால் திறந்து, கையால் மூடி, இல்லாத சாமானைக் கடைந்து செய்து போட்டார். அந்த அருமையை உங்கள் அப்பா நன்றாக அறிந்திருப்பார். நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பதும் இதுதான்: எங்கள் கைக்குள் நிற்கும் கார்தான் எங்களுக்குச் சொகுசுக் கார். அப்பாவுக்குக் கிளினிக் இருக்கும் நாளில் காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் ஆக வேண்டும். ஆகாவிட்டால் எட்டு மணிக்குள் ஒருவர் வந்து திருத்தித் தர வேண்டும்.

எந்தக் கார் பார்க்கப் போனாலும் வெள்ளத்தில் நின்றதா என்று கட்டாயம் பாருங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு களனி கங்கைக் கரையோரம் முழுக்கத் தண்ணீரில் நின்றது. மன்னார், முல்லைத்தீவுப் பக்கமும் தப்பவில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியில் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அப்படி நின்ற கார்களைக் கழுவி, காய வைத்து, சீற் உறை மாற்றி, தூரத்தில் கொண்டுபோய் விற்பார்கள். 'உள்ளே புதுக் கார் மாதிரி' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த பயம் அதுதான். இருபது வயதுக் காரின் உட்புறம் இருபது வயதுபோலத்தான் இருக்க வேண்டும்.

சீற் பெல்ற்றை முடிவு வரைக்கும் இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவர்கள் வெளியே தெரியும் பகுதியைத்தான் கழுவுவார்கள். சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். சீற்றின் கீழே தரையில் பூட்டியிருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள், துருவோ திறந்த அடையாளமோ இருந்தால் சீற் கழற்றப்பட்டிருக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழிக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். மெல்லிய வண்டல் விரலில் ஒட்டும். அந்த ஈ 200இன் பற்றரியும் டிக்கித் தரைக்குக் கீழேதான் இருக்கிறது, அதையும் பார்க்கலாம். காப்பெற்றின் ஓரத்தைத் தூக்கி மணந்து பாருங்கள். எவ்வளவு வாசனை அடித்தாலும் கீழே நனைந்த பஞ்சின் புளித்த மணம் போகாது. இவற்றில் ஒன்றாவது தெரிந்தால் விலை குறைப்பார்களா என்று பேசிக்கொண்டு நிற்காதீர்கள். தண்ணீர் குடித்த வயர் இன்றைக்கு வேலை செய்யும், ஆறு மாதம் கழித்துப் பச்சையாகப் பூத்துவிடும்.

கிலோமீற்றர் எண்ணை நம்ப வேண்டாம், அதைத் திருப்புவது சுலபம். ஸ்டியரிங் வளையத்தின் தோல், பிறேக் பெடல் இறப்பர், சாரதி சீற்றின் வலப்பக்க ஓரம் மூன்றையும் பாருங்கள். எண் குறைவாகவும் இவை தேய்ந்தும் இருந்தால் இவைதான் உண்மை. சேர்விஸ் பில்கள் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஒரே ஆளின் கையில் பன்னிரண்டு வருடம் இருந்து, எல்லாப் பில்லும் கோப்பில் இருக்கும் காருக்கு நான் ஐந்து இலட்சம் கூடக் கொடுப்பேன்.

பத்திர விடயத்தில் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் ஏமாறுவது 'ஓப்பின் பேப்பரில்'. வாகனப் பதிவுப் புத்தகத்தில் ஒருவரின் பெயர், விற்பவர் வேறு ஒருவர், நடுவில் கையெழுத்திட்ட வெற்றுப் படிவம் மட்டும். பெயருள்ளவர் வெளிநாட்டில் இருக்கலாம், இறந்தும் இருக்கலாம். பெயரில் உள்ளவரை நேரில் கண்டு, அடையாள அட்டையை ஒத்துப் பார்த்து, அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். வாங்கியபின் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்ற வேண்டும். புத்தகத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால் கடன் தீர்ந்ததற்கான கடிதம் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். செஸி நம்பரையும் என்ஜின் நம்பரையும் உங்கள் கண்ணால் பார்த்துப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். உற்பத்தி வருடத்தையும் அதிலேயே பாருங்கள். பதிவு செய்த வருடம் வேறு, செய்த வருடம் வேறு. 2006 என்று விற்கப்படும் கார் உண்மையில் எஸ்.பி.சி. உள்ள 2005ஆக இருக்கலாம்.

இப்போது காசு. 80 இலட்சம் இருந்தால் காருக்கு 60க்கு மேல் போகாதீர்கள். மிச்சம் 20 காரோடு சேர்ந்தது என்று நினையுங்கள். வாங்கிய முதல் மாதமே நான்கு ரயர், பற்றரி, எல்லா ஒயில்களும், கியர் பொக்ஸ் ஒயில் உட்பட, முழுக் காப்புறுதி, பெயர் மாற்றம் என்று ஒரு பங்கு போகும். கியர் பொக்ஸ் ஒயில் ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். மிச்சத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள், கடை முதலோடு கலக்க வேண்டாம். காலபோக விதைப்புக்கு உரம் எடுக்கும் நேரத்தில் காருக்குச் சாமான் வேண்டி வந்தால் எது நிற்கும்? கடை நிற்கக்கூடாது. லீசிங் போட்டு இந்த வயதுக் கார் எடுக்கும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

உங்கள் மனைவி சொல்வதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். 2001 முதல் 2007 வரை வந்த பிரிமியோ நல்ல தெரிவு. மெத்தென்ற சீற், அமைதியான ஓட்டம். வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் எங்கும் அதைத் திறந்து மூடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அப்பாவை ஒருநாள் யாருடையதாவது பிரிமியோவில் பின் சீற்றில் இருத்தி மாங்குளம் வரைக்கும் கொண்டுபோய் வாருங்கள். இறங்கும்போது அவர் நாரியைப் பிடிக்கிறாரா என்று பாருங்கள்.

அதற்குப் பிறகும் பென்ஸ்தான் மனதில் நிற்கிறது என்றால், அதே ஈ வகையில் 2006 நடுப்பகுதிக்குப் பின் செய்யப்பட்டது, எஸ்.பி.சி. இல்லாதது, ஒரு கையில் இருந்தது, பில் உள்ளது. 60க்குள் அப்படி ஒன்று இந்த மாதம் கிடைக்காது. கொஞ்சக் காலம் பொறுக்க வேண்டியிருக்கும், அல்லது இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கும். அதற்குள் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ பென்ஸ் ஸ்கானரோடு வேலை செய்யும் ஒரு கராஜைத் தேடிப் பிடியுங்கள். கார் பார்க்கப் போகும்போது அந்த மெக்கானிக்கின் நாள் கூலியைக் கொடுத்து அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஞாயிறுக்கு வருவோம். கொழும்புக்காரருக்கு இன்றைக்கே எடுத்து, 'முற்பணம் இல்லை, மெக்கானிக்கோடு வந்து, விடிய ஸ்டார்ட் பண்ணி, ஸ்கான் அடித்துப் பார்க்காமல் எதுவும் பேசமாட்டேன்' என்று சொல்லுங்கள். வேறு ஆள் காசோடு நிற்கிறார் என்பார். சரி, அவரிடமே கொடுங்கள் என்று சொல்லி வைத்துவிடுங்கள். இந்த மாதக் கிளினிக்குக்கு வான் வேண்டாம். முன் சீற் பின்னால் சரியும் கார் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அப்பாவை முன்னால் இருத்திக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.